இரண்டு தள்ளுவண்டிகளுக்கு ஒரு கிற்றார்

மேற்கிந்தியத் தீவுகள் என்றதும் எம்மவரில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவன துடுப்பும் பந்துமே. சோபர்ஸ், றிச்சட்ஸ், லாரா என்று பெயர்களை மனனமாகச் சொல்வோர் நம்மிடையே ஏராளம். இசையென்று வந்தால் பொப் மார்லியின் பெயர் எழும். சற்று மூத்தவர்களாயின் ஹரி பெலபொன்ரேயைச் சொல்வார்கள். எண்ணெய்ப் பீப்பாயில் அடித்துச் செய்த வாத்தியம், திருவிழா ஊர்வலம், கலிப்சோ, ரெகே என்று அந்தத் தீவுகளின் இசையைப் பற்றி நாம் அறிந்தவை பெரும்பாலும் வெட்டவெளிக்கு உரியவை. கூட்டத்தை வேண்டி நிற்பவை. இன்றைய உரையில், நேயர்களே, நான் எடுத்துக்கொள்வது வேறொரு குரலை. கதவைச் சாத்திய அறைக்குள் ஒருவர் மற்றொருவருக்கு மட்டும் சொல்வதுபோலப் பாடும் குரல் அது. துணைக்கு ஒரு மரக் கிற்றார்.

அக்குரலுக்கு உரியவர் ஜோன் ஆர்மட்ரேடிங். 1950ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 9ஆந் திகதி சென்ற் கிற்ஸ் தீவின் தலைப்பட்டினமாகிய பஸ்ரேரில் பிறந்தவர். தந்தையார் தச்சுத் தொழிலாளி. ஆறு பிள்ளைகளில் இவர் மூன்றாமவர். பாட்டை எழுதுபவரும், இசை அமைப்பவரும், பாடுபவரும், கிற்றார் வாசிப்பவரும் இவரே. நாட்டார் பாடலின் எளிமையும், கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்வழி வந்த சோல் இசையின் உருக்கமும் கலந்த ஒரு வகைப் பாடலை 1970களில் பிரித்தானியாவில் நிலைநாட்டியவர். அவரை விளங்கிக்கொள்ள அவர் பிறந்த மண்ணிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

சென்ற் கிற்ஸ் தேசப்படத்தில் ஒரு புள்ளி. பரப்பளவு 170 சதுர கிலோமீற்றருக்கும் குறைவு. ஆனால் அந்தப் புள்ளிக்கு நீண்ட கதை உண்டு. கரிபியன் கடலில் ஆங்கிலேயர் நிலையாக அமர்ந்த முதற்றீவு அதுவே, ஆண்டு 1624. முதலில் புகையிலை பயிரிட்டார்கள். பின்னர் கரும்பு வந்தது. கரும்போடு ஆபிரிக்காவிலிருந்து சங்கிலியிற் பிணைத்துக் கொண்டுவரப்பட்ட மக்கள் வந்தார்கள். 1834ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைத்தனத்தை ஒழித்தது என்று வரலாற்று நூல்களில் படிக்கிறோம். சட்டம் ஒழித்ததே தவிர, நிலம் எவரிடம் இருந்ததோ அவரிடமே இருந்தது. கரும்பை வெட்டியவரின் பேரப்பிள்ளையும் கரும்பையே வெட்டினார். 1935ஆம் ஆண்டு தை மாதத்தில் கூலி உயர்வு கேட்டு அத்தீவின் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. பிரித்தானிய மேற்கிந்தியத் தீவுகள் முழுவதிலும் அந்தப் பத்தாண்டில் மூண்ட தொழிலாளர் கிளர்ச்சிகளுக்கு அதுவே தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்த அந்தச் சர்க்கரைத் தொழில் 2005இல் ஒரேயடியாக மூடப்பட்டது.

ஜோன் பிறந்த காலத்தில் அத்தீவில் ஒரு தச்சருக்கு எதிர்காலம் என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. அதேவேளை கடலுக்கு அப்பால் ஒரு கதவு திறந்திருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டம் காலனி நாட்டு மக்களுக்கும் அங்கு சென்று வாழும் உரிமையை உறுதிசெய்தது. அதே ஆண்டு ஜூன் 22இல் எம்பயர் விண்ட்றஷ் என்ற கப்பல் மேற்கிந்தியத் தீவுகளின் மக்களோடு லண்டனுக்கு அண்மையிலுள்ள ரில்பரித் துறைமுகத்தை அடைந்தது. லோர்ட் கிச்சினர் என்ற பட்டப்பெயர் கொண்ட திரினிடாட் கலிப்சோப் பாடகர், லண்டனைப் புகழ்ந்து தாம் கட்டிய பாடலைச் செய்திப்படக் கமெராவின் முன் பாடிக் காட்டினார். அந்தப் படச்சுருள் இன்றும் இருக்கிறது. அதிற் காணும் மகிழ்ச்சியை நம்பிப் போனவர்கள் எத்தனை பேரோ! போருக்குப் பின் இங்கிலாந்துக்குப் பேருந்து ஓட்டவும், ஆஸ்பத்திரியில் தாதிவேலை செய்யவும், உலோகம் உருக்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். வேலைக்கு அழைத்தவர்களே வீடு வாடகைக்குக் கேட்டபோது கதவைச் சாத்தினார்கள் என்பது பின்னர் தெரியவந்த செய்தி.

ஜோனுக்கு மூன்று வயதானபோது பெற்றோர் பேர்மிங்ஹாம் நகருக்குப் புறப்பட்டனர். மூத்த ஆண்பிள்ளைகள் இருவரையும் கூட்டிச் சென்றனர். ஜோன் அன்ரிகுவாத் தீவிலிருந்த பேர்த்தியாரிடம், அதாவது பாட்டியிடம், அனுப்பப்பட்டார். விவியன் றிச்சட்ஸ் பிறந்த அதே அன்ரிகுவாதான். இது ஒரு குடும்பத்தின் தனிக்கதை அன்று. கப்பற்கூலியை ஒரேதரத்தில் எல்லோருக்கும் புரட்ட முடியாத நிலையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படித்தான் பிரிந்தன. போனவர் உழைத்துப் பணம் அனுப்புவார். முறைவைத்துப் பிள்ளைகளை அழைப்பார். அதுவரை பாட்டிமார் வளர்ப்பர். புலம்பெயர்வின் வரலாற்றை எழுதுவோர் கப்பலேறியவர்களைக் கணக்கிடுகிறார்கள். திண்ணையில் விடப்பட்ட பிள்ளைகளை எண்ணியவர் குறைவு.

1958ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஏழு வயதுச் சிறுமியாக, ஜோன் பேர்மிங்ஹாம் சென்றார். அதே வேளையில் மேற்கிந்தியத் தீவுகள் ஒரு கூட்டாட்சியாக இணைந்திருந்தன. சென்ற் கிற்ஸும் அன்ரிகுவாவும் அதில் அங்கம். அந்தக் கூட்டாட்சி நான்கே ஆண்டுகளில் குலைந்தது. சிறுமிக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? நான்கு ஆண்டுகளாகக் காணாத தாய் தந்தையர் ஒருபுறம்; அதுவரை தாயாக இருந்த பாட்டி மறுபுறம். வந்து சேர்ந்த இடம் புறூக்பீல்ட்ஸ் என்னும் தொழிலாளர் பகுதி. பின்னாளில் நகரத் திருத்தத்தில் அப்பகுதியின் பெரும்பாகம் இடித்துத் தள்ளப்பட்டுவிட்டது.

இங்கே ஒரு சிறு விலகல் வேண்டும். கிற்றாரைக் கையிலெடுத்த கறுப்பினப் பெண்ணைப் பார்த்து, இது வெள்ளையரின் நாட்டார் பாடகர்களைப் பார்த்துச் செய்த காரியமல்லவா என்று கேட்டோர் உண்டு. வரலாறு அவ்வளவு எளிதாகக் கோடு கிழிக்க விடாது. 1687ஆம் ஆண்டு ஜமெய்க்காவுக்கு ஆளுநரின் வைத்தியராகச் சென்ற ஹான்ஸ் ஸ்லோன் என்பவர், தாம் கண்டவற்றை 1707இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். பின்னாளில் பிரித்தானிய நூதனசாலைக்கு அடித்தளமான பொருட்களைச் சேர்த்து வைத்த அதே ஸ்லோன்தான். அந்நூலில் அடிமைகள் வாசித்த தந்தி வாத்தியங்களின் படங்கள் உள்ளன. சுரைக்குடுவையைக் குடைந்து, தோல் போர்த்து, தண்டு பூட்டி, நரம்பு கட்டியவை அவை. அவர்கள் பாடிய பாடல்கள் சிலவற்றின் இசைக்குறிப்பும் அதிற் பதிவாகியுள்ளது. இன்று அமெரிக்க நாட்டார் இசையின் அடையாளமாகக் கருதப்படும் பான்ஜோ என்ற வாத்தியம் இந்தச் சுரைக்குடுவைகளின் வழித்தோன்றலே. கரும்புத் தோட்டத்தில் பகல் முழுதும் வேலை செய்து, இரவிற் குடிசைக்குள் நரம்பை மீட்டியவனுக்குக் கூட்டத்துக்கான பாட்டும் தெரியும், தனிமைக்கான பாட்டும் தெரியும். மேளம் ஊருக்குக் கேட்டது; ஆகவே அது வரலாற்றில் ஏறியது. நரம்பொலி குடிசையைத் தாண்டிக் கேட்கவில்லை.

ஜோனின் தந்தையாரும் இளமையில் ஒரு வாத்தியக் குழுவில் வாசித்தவர். அவரிடம் கிற்றார் ஒன்று இருந்தது. ஆனால் பிள்ளைகள் எவரும் அதைத் தொடக்கூடாது என்பது அவர் கட்டளை. காரணம் கூறப்படவில்லை. தகப்பன்மாரின் கட்டளைக்குக் காரணம் கேட்கும் வழக்கம் அங்கும் இல்லைப்போலும். தாயார் ஒருநாள் ஒரு பியானோவை வாங்கினார். வாசிப்பதற்காக அன்று, முன்னறையில் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்பதற்காக. பதினான்கு வயதளவில் ஜோன் அந்தத் தளபாடத்தின் முன் அமர்ந்து, தானே எழுதிய வேடிக்கைப் பாக்களுக்கு மெட்டுப் போடத் தொடங்கினார். ஆசிரியர் இல்லை, பாடப்புத்தகம் இல்லை.

பிறகு ஒரு அடைவு கடையின் கண்ணாடிக்குப் பின்னே ஒரு கிற்றார் கண்ணிற்பட்டது. விலை மூன்று பவுண். கேட்ட தாயாரிடம் பணம் இல்லை. ஆனால் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் பயனற்றுக் கிடந்த இரண்டு தள்ளுவண்டிகள் இருந்தன. அவற்றைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்றார் தாயார், அப்படியே செய்தார்கள். பிற்காலத்தில் ஆர்மட்ரேடிங் எத்தனையோ பேட்டிகளில் இதனை நினைவுகூர்ந்துள்ளார். குழந்தைகளைச் சுமந்த வண்டிகள் போய் ஒரு வாத்தியம் வீட்டுக்கு வந்தது. தந்தை மறுத்ததைத் தாய் பண்டமாற்றில் தேடிக் கொடுத்தாள். தமிழாசிரியன் ஆகையால் இதற்குமேல் உவமை கூட்டும் ஆசை எனக்கு எழுகிறது, அடக்கிக்கொள்கிறேன்.

தானே கற்ற கை ஆனபடியால் அவர் வாசிப்பு எவருடையதையும் ஒத்திருக்கவில்லை. தாழ்ந்த நரம்பில் பெருவிரல் ஓர் ஓட்டத்தை நடத்தும். மற்ற விரல்கள் மேலே தாளமும் பண்ணும் ஒன்றாகச் செலுத்தும். கேட்பவருக்கு இரண்டு மூன்று பேர் வாசிப்பதுபோலத் தோன்றும். துணைக்கு ஆளில்லாமற் பழகிய ஒருவர், முழுக் குழுவின் வேலையையும் ஒரு மரப்பெட்டிக்குள் அடக்கக் கற்றுக்கொண்டார் என்றே நான் கருதுகிறேன். குரலோ பெண்களுக்கு அருமையாக வாய்க்கும் தாழ்ந்த குரல். அடியில் முணுமுணுப்பாகத் தொடங்கி, எதிர்பாராத ஒரு சொல்லில் மேலெழும்.

குடும்பத்துக்கு உதவுவதற்காகப் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார். கிடைத்த முதல் வேலையும் நிலைக்கவில்லை. கிற்றாரைக் கந்தோருக்குக் கொண்டுபோய்த் தேநீர் இடைவேளையில் வாசித்ததே அதற்குக் காரணம்.

வெளியே காலம் எப்படி இருந்தது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். 1962ஆம் ஆண்டின் சட்டம் 1948இல் திறந்த கதவைப் பாதி சாத்தியது. 1964 பொதுத் தேர்தலில், பேர்மிங்ஹாமை அடுத்துள்ள ஸ்மெதிக் தொகுதியில் நிறவெறிப் பிரசாரம் வெளிப்படையாக நடந்தது. அந்தப் பக்கமே வென்றது. அதைக் கேள்வியுற்று அமெரிக்காவின் மல்கம் எக்ஸ் 1965 பெப்ரவரியில் அங்கு வந்து மார்ஷல் வீதியில் நடந்து பார்த்தார். சில நாட்களில் அவர் நியூயோர்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1968 ஏப்ரல் 20இல் ஈனொக் பவல் என்ற பாராளுமன்ற உறுப்பினர் குடியேறிகளுக்கு எதிராக நிகழ்த்திய, வரலாற்றில் மறையாத அந்த உரையும் பேர்மிங்ஹாம் நகரத்து விடுதி ஒன்றிலேயே நிகழ்ந்தது. ஜோனுக்கு அப்போது வயது பதினேழு. அந்நகரின் சிறு கழகங்களிலும் கூட்டங்களிலும் தன் பாடல்களைப் பாடிக்கொண்டிருந்த வயது.

அவ்வாண்டிலேயே 'ஹெயர்' என்ற புகழ்பெற்ற இசை நாடகத்தின் ஊர்சுற்றும் குழுவில் அவர் சேர்ந்தார். அந்நாடகம் நடிகர்கள் ஆடையின்றித் தோன்றும் காட்சியாற் பெயர்பெற்றது. கூச்ச சுபாவமுள்ள ஜோன் அதற்கு மட்டும் இணங்கவில்லை. 1970இல் அக்குழுவில் பாம் நெஸ்ரர் என்ற பெண்ணைச் சந்தித்தார். அவர் பிரித்தானிய கயானாவிற் பிறந்தவர். பாட்டெழுதும் ஆற்றல் மிக்கவர். இருவரும் சேர்ந்து நிறைய எழுதினர். அவற்றிலிருந்து 1972இல் 'வட்டெவர்ஸ் ஃபோர் அஸ்' என்ற முதல் இசைத்தட்டு வந்தது. எல்ரன் ஜோனின் இசைத்தட்டுக்களை உருவாக்கிய கஸ் டட்ஜனே இதையும் உருவாக்கினார். தட்டிலிருந்த பதினான்கு பாடல்களில் பதினொன்றுக்குச் சொல் தந்ததில் நெஸ்ரருக்குப் பங்குண்டு. ஆயினும் வெளியிட்டோர் ஜோனையே நட்சத்திரமாக்க விரும்பினர். நெஸ்ரரின் படம் அட்டையில் இடம்பெறவில்லை. அந்த மனக்கசப்பில் தோழமை முறிந்தது. ஜோனின் புகழைப் பேசும் கட்டுரைகள் நெஸ்ரரை ஓர் அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டுப் போவதைக் காண்கிறேன். அது நீதியன்று. எமது பதிப்பு வரலாற்றிலும் முன்னுரையிற்கூடப் பெயர் வராத கைகள் பல உண்டென்பதை அறிந்தவர்களுக்கு இது விளங்கும்.

அந்த ஆரம்ப ஆண்டுகளில் அவரைக் காப்பாற்றியது வானொலி. வானொலித் தொடரொன்றில் இதைச் சொல்வது எனக்கு மகிழ்ச்சி. பி.பி.சி.யில் ஜோன் பீல் என்றொரு அறிவிப்பாளர் இருந்தார். சந்தை எதைக் கேட்கிறது என்று பாராமல், தன் காதுக்குப் பிடித்ததை ஒலிபரப்பியவர். 1972க்கும் 1976க்கும் இடையில் எட்டுத் தடவை ஆர்மட்ரேடிங் அவருடைய நிகழ்ச்சிக்காகப் பாடிப் பதிவுசெய்தார். இசைத்தட்டு விற்காத காலத்தில் இரவு வேளையில் வீட்டில் தனியே இருந்து கேட்போரை அக்குரல் சென்றடைந்தது. இவ்வகைப் பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான அவை ஏது?

1975இல் வந்த இரண்டாவது தட்டும் பெரிதாக ஓடவில்லை. பெயர் நிலைத்தது 1976இல். தட்டுக்கு அவர் பெயரே தலைப்பு. றோலிங் ஸ்ரோன்ஸ், த ஹூ, ஈகிள்ஸ் முதலிய குழுக்களோடு பணியாற்றிய கிளின் ஜோன்ஸ் அதனை லண்டனின் ஒலிம்பிக் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாக்கினார். தாம் சம்பந்தப்பட்ட இசைத்தட்டுக்களிலே இதுவே தலைசிறந்தது என்று அவர் பின்னாளிற் சொன்னதாகப் பதிவுண்டு. அவர் சம்பந்தப்பட்டவற்றின் பட்டியலைப் பார்த்தால் அது சாதாரணப் பாராட்டல்ல. அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம் ஒன்றே. கிற்றாரையும் குரலையும் நடுவில் வைத்தார். மற்ற வாத்தியக்காரர்களை அவற்றுக்கு வழிவிட்டு நிற்கச் செய்தார்.

அத்தட்டிலுள்ள 'லவ் அன்ட் அஃபெக்ஷன்' என்ற பாடல் பிரித்தானிய விற்பனை வரிசையிற் பத்தாம் இடம்வரை ஏறியது. அந்தப் பாடலின் அமைப்பை ஓர் ஆசிரியனாக நின்று பார்க்கிறேன். காதலைப் பற்றியதுதான். ஆனால் காதலிக்கிறேன் என்ற பிரகடனமோ, பிரிந்தோம் என்ற புலம்பலோ அதில் இல்லை. காதலுக்கு முந்திய தயக்கத்தில், வாசற்படியில் ஒரு காலை வைத்து நிற்கும் மனமே பேசுகிறது. தொடக்கத்தில் பாட்டா பேச்சா என்று பிரித்தறிய முடியாது. பல்லவி எங்கே ஆரம்பிக்கிறது என்றும் சட்டெனச் சொல்ல இயலாது. மனம் தயங்கினாற் பாட்டும் தயங்குகிறது, துணிந்தால் வேகங்கொள்கிறது. ஓரிடத்தில் ஓர் ஆணின் மிகத் தாழ்ந்த குரல் எழுந்து அடங்கும். அது கிளார்க் பீற்றர்ஸ் என்பவருடையது. பிற்காலத்தில் தொலைக்காட்சி நடிகராகப் புகழ்பெற்றவர். பின்னர் ஜிம்மி ஜுவெல் வாசிக்கும் சக்ஸபோன், சொல்லாமல் விட்டதைச் சொல்வதுபோல உள்ளே வருகிறது. சிறு குடிலுக்குள் விருந்தினர் ஒருவர்பின் ஒருவராக நுழைவதுபோல அவை வருகின்றனவே தவிர, குடிலைப் பெருமண்டபமாக்கிவிடவில்லை.

இனி, நீண்ட காலமாக எழுந்துவரும் ஒரு குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 1976 பிரித்தானியாவில் நிறவெறிக் கட்சிகள் வீதியில் ஊர்வலம் போன காலம். அவ்வாண்டு ஆவணி இறுதியில் லண்டனின் நொட்டிங்ஹில் கரிபியத் திருவிழாவில் இளைஞருக்கும் பொலிசாருக்கும் பெரும் மோதல் மூண்டது. ரெகே குழுக்கள் அநீதியை உரத்துப் பாடிக்கொண்டிருந்தன. அப்படியான நேரத்தில் கறுப்பினப் பெண்ணொருவர் காதலையும் தயக்கத்தையும் நட்பையும் பற்றிப் பாடிக்கொண்டிருப்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதல்லவா? இதுவே கேள்வி. அவரிடமே பலமுறை கேட்டிருக்கிறார்கள். தான் மனிதரைக் கவனித்து எழுதுபவள், பாடல்களில் வருவது பெரும்பாலும் தன் கதையுமன்று என்பதே அவர் பதிலின் சாரம்.

உயர்தர வகுப்பில் அகத்திணை படிப்பிக்கும்போது நான் ஆண்டுதோறும் சொல்லும் செய்தி ஒன்றுண்டு. அன்பின் ஐந்திணையில் எவருடைய இயற்பெயரையும் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. நெடுநல்வாடை முழுக்க முழுக்கப் பிரிவின் துயரைப் பாடுவது; பெயர் எதுவும் இல்லை. ஆனால் வேலிலே வேப்பந்தளிர் கட்டிய குறிப்பு ஓரிடத்தில் வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. ஆகவே இது அகமன்று, புறம் என்றார் நச்சினார்க்கினியர். ஒரே ஒரு வேப்பிலை ஒரு பாட்டைக் குடும்பத்திலிருந்து பிரித்து அரசியலில் சேர்த்துவிட்டது. ஆர்மட்ரேடிங்கின் விமர்சகர்களைப் படிக்கும்போது எனக்கு அந்த வேப்பிலைதான் ஞாபகம். அவர் பாட்டில் வருவோர் யாவரும் வெறும் 'நான்', 'நீ'. ஊரில்லை, பெயரில்லை, நிறமில்லை. பல பாடல்களில் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. விமர்சகர்களோ எங்கேனும் ஒரு வேப்பிலை அகப்படாதா என்று தேடிக்கொண்டே இருந்தனர். 1979இல் வெளியான 'ஹவ் குரூவல்' போன்ற ஓரிரு பாடல்களில், தன் நிறத்தை வைத்து இரு தரப்பாரும் தன்னை அளந்த கொடுமையை அவர் தொட்டதுண்டு. அவை விதிவிலக்குகள்.

வெள்ளையினப் பாடகர் ஒருவர் தன் காதலைப் பாடினால் அது மனித மனத்தின் பாட்டு. குடியேறி வந்த கறுப்பினப் பெண் பாடினால் அவள் இனத்துக்காக என்ன பாடினாள் என்று கேட்கிறார்கள். அகம் ஒருவர்க்கு உரித்து, மற்றவர்க்குப் புறம் மட்டுமே என்று பிரித்துக் கொடுப்பது யார்? பேர்மிங்ஹாமில் பவல் உரையாற்றிய அதே ஆண்டில் அதே நகரத்தில் ஒரு பெண்பிள்ளை தன் உள்ளத்தைப் பாடுவதற்கு எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. இதைப் பின்வாங்கல் என்று நான் ஒப்பமாட்டேன். ஆனால் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். உரத்துப் பாடியவர்கள் வீதியில் அடிவாங்கி வென்ற இடத்திலேதான் மெல்லப் பாடுபவருக்கும் மேடை கிடைத்தது. அந்தக் கடனை மறந்து, அகப்பாட்டே உயர்ந்தது என்று பேசுவாரோடும் எனக்கு உடன்பாடில்லை.

அவர் தனியொருவரும் அல்லர். பார்படோஸ் வழிவந்த தாய்க்கும் நைஜீரியத் தந்தைக்கும் லண்டனிற் பிறந்த லபி சிஃப்ரே, 1970இலேயே மரக் கிற்றாரோடு தன் முதற்றட்டை வெளியிட்டவர். கரிபியக் குடும்பத்திற் பிறந்த லண்டன்காரி லிண்டா லூயிஸ், பறவைபோல மேலெழும் குரலால் அதே காலத்தில் இதே பாதையில் நடந்தார், 2023இல் மறைந்தார். மென்மையாகப் பாடிய சிஃப்ரேயே, தென்னாபிரிக்க நிறவெறியைக் கண்டு மனங்கொதித்து, 1987இல் உலகமே சேர்ந்து பாடிய எழுச்சிப் பாடலொன்றைத் தந்தார். மறு ஆண்டு, 1988 ஜூன் 11இல், சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக வெம்பிளி மைதானத்தில் நிகழ்ந்த பெரும் இசைவிழாவில் ஆர்மட்ரேடிங்கும் மேடையேறினார். பிற்காலத்தில் மண்டேலாவுக்காக ஒரு பாடல் இயற்றி, தேவாலயப் பாடகர் குழுவொன்றுடன் அவர் முன்னிலையிலேயே பாடினார். வேப்பிலை தேடியவர்கள் அதனைக் கவனித்தார்களோ தெரியாது.

1980 முதற்கொண்டு அவர் இசை வெகுவாக மாறியது. மின் கிற்றாரும் முரசும் மேலோங்கின. அவ்வாண்டின் 'மீ மைசெல்ஃப் ஐ' விற்பனையில் ஐந்தாம் இடத்தை எட்டியது. 1983இல் 'ட்றொப் த பைலட்' பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. அவை கெட்டிக்காரப் பாடல்கள்தாம். எனினும், என் காதில் அவை ஒரு முறை கேட்டு மகிழ்ந்து வைத்துவிடும் பாடல்கள். 1977இன் 'வில்லோ'வும், 1981இன் 'த வீக்னஸ் இன் மீ'யும் அப்படியல்ல. இரண்டிலும் பழைய அறையின் அமைதி உண்டு. 2007இல் நீக்ரோ மக்களின் பழந்துயர்ப்பாட்டு வடிவமாகிய புளூஸை எடுத்து ஒரு தட்டு வெளியிட்டார். முரசு தவிர மற்ற வாத்தியங்களை அவரே வாசித்தார். அமெரிக்காவின் புளூஸ் விற்பனை வரிசையில் அது நேராக முதலிடத்திற் போய் அமர்ந்தது. பிரித்தானியப் பெண்கள் எவருக்கும் அதற்குமுன் அது வாய்த்ததில்லை.

இடையில் நடந்த ஒன்றை எங்கள் தொழில் சார்ந்த ஆசையோடு குறிப்பிடுகிறேன். பதினைந்து வயதில் பள்ளியை விட்டவர், உலகம் சுற்றிப் பாடிக்கொண்டிருந்த காலத்திலேயே பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்திற் பதிந்து, ஐந்து ஆண்டுகள் படித்து, 2001இல் சிறப்புப் பட்டம் பெற்றார். அவர் தெரிந்தெடுத்த பாடம் இசையன்று; வரலாறு. விமானத்திலும் விடுதி அறைகளிலும் இருந்து கட்டுரைகள் எழுதி அனுப்பினாராம். அரசு விருது 2001இலும் அதைவிட உயர்ந்தது 2020இலும் கிடைத்தன. 2023 நவம்பரில் அவர் எழுதிய முதற் சிம்பொனி லண்டனில் அரங்கேறியது. அதனை வாசித்தது சினெகே என்ற வாத்தியக் குழு. கறுப்பின, பல்லின வாத்தியக் கலைஞர்களுக்கென்றே உருவாக்கப்பட்டது. சொல்லே இல்லாத இசை. அவர் குரலும் அதில் இல்லை.

ஆனாலும் எனக்கு மனதில் நிற்பது 2014 இலையுதிர்காலத்திற் புறப்பட்ட அவருடைய நீண்ட இசைப் பயணம். அறுபத்து மூன்று வயதாகியிருந்தது. அதற்கு முன்னர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எப்போதும் துணைக்குழுவோடு மேடையேறியவர், இனி இவ்வளவு நீண்ட பயணம் போகப்போவதில்லை என்று அறிவித்து, அந்த ஒரு தடவை எவரையும் அழைத்துச் செல்லவில்லை. ஊர் ஊராக, அரங்கம் அரங்கமாக, ஒரு பியானோ, கிற்றார்கள், நடுவே அவர். பதினான்கு வயதில் புறூக்பீல்ட்ஸ் வீட்டின் முன்னறையில் இருந்தவையும் அவைதாம்.